பங்குனியில் காணாமல் போகும் மலைகள்

மேஹாங்சோன் ஊரின் நடுவிலேயே விமான ஓடுபாதை இருக்கிறது. அதை ஒட்டிச் சந்தை, கொஞ்சம் தள்ளி ஜோங் காம் குளம், குளக்கரையில் பர்மியப் பாணி அடுக்குக் கூரையோடு இரண்டு விகாரைகள், மேற்கே செங்குத்தாக எழும் டோய் கோங் மூ குன்று. தாய்லாந்தின் வடமேற்கு மூலையில், மியான்மர் எல்லையோரம், சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் சின்ன மாகாணத் தலைநகர் இது. கார்த்திகை மாதத்தில் குன்றின் மேலிருந்து பார்த்தால் நாலாபுறமும் மலை மேல் மலையாக அடுக்கித் தெரியும். பங்குனியில் அதே இடத்தில் நின்றால் எதிர்மலையே தெரியாது. பார்வைத் தூரம் குறைந்து விமானங்கள் ரத்தாகும். அப்புறம் சியாங் மாய் போக 1,864 வளைவுகள் உள்ள மலைச்சாலைதான் வழி.

தாய்லாந்துக்காரர்கள் இந்த ஊருக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் ‘மூன்று மூட்டங்களின் ஊர்’. மழைக்காலத்தில் மழைமூட்டம், குளிர்காலத்தில் பனிமூட்டம், கோடையில் புகைமூட்டம். சுற்றுலா விளம்பரங்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது, ஊர்க்காரர்களுக்கு வெயிலும் மழையும் போல ஆண்டுதோறும் வந்து போகும் ஒரு பருவமாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்தப் பருவத்தின் வரலாற்றைக் கிளறினால் ஒன்று புலப்படும். பங்குனிப் புகை ஒரே நெருப்பிலிருந்து வருவதில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு ஆட்கள் மூட்டத் தொடங்கிய பல நெருப்புகள் அதே இரண்டு மாதங்களில் வந்து குவிகின்றன. ஆட்சியாளர்களின் ஆணைகளோ பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே நெருப்பாகவே எண்ணி வந்திருக்கின்றன.

முதல் நெருப்பு காட்டின் இயல்போடு சேர்ந்தது. இந்த மலைகளின் கீழ்ச்சரிவுகளில் இருப்பது இலையுதிர்காடு. தேக்கு ஒரு பக்கம். டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் இன்னொரு பக்கம். நவம்பரோடு மழை நின்றுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை மரங்கள் இலையைக் கொட்டும். உள்ளங்கையை விடப் பல மடங்கு அகன்ற இலைகள் காய்ந்து தரையில் மெத்தையாகக் கிடக்கும். ஒரு பொறி போதும். ஆனால் இந்தத் தீ மரத்தின் உச்சிக்கு ஏறாது. சருகைத் தின்றுகொண்டே தரையோடு தவழ்ந்து போகும். தடித்த பட்டையுள்ள மரங்கள் கருகாமல் நின்று, வைகாசி மழையில் மறுபடி துளிர்க்கும். பல நூற்றாண்டுகளாகத் தீயோடு பழகி வளர்ந்த காடு அது.

பொறி பெரும்பாலும் மனிதர் கையிலிருந்துதான் விழுகிறது. மின்னல் வரும் காலமோ மழையை ஒட்டிய காலம். சருகு எரிந்தால் மாட்டுக்கு இளம்புல் முளைக்கும். வேட்டைக்குப் போகிறவர் காலடியில் சருகு சரசரக்காது. ‘பாக் வான் பா’ என்ற காட்டுக்கீரை தளிர்விடும்; சந்தையில் அதற்கு நல்ல விலை. முதல் மழைக்குப் பின் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ‘ஹெட் தோப்’ காளானும் தீ போன இடத்தில்தான் நிறையக் கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தீயால்தான் காளான் முளைக்கிறதா, சருகு இல்லாததால் கண்ணுக்கு எளிதில் படுகிறதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும் கூடை நிறைகிறது.

சருகுக்கு வேறு பயனும் இருந்தது. உதிர்ந்த பெரிய இலைகளைப் பொறுக்கி, மூங்கில் குச்சியில் கோத்துக் கூரை வேய்வார்கள். ‘தோங் துயேங்’ எனப்படும் அந்தக் கூரை வடதாய்லாந்தின் மலையூர்களில் முன்பு சர்வசாதாரணம். தகரக் கூரை வந்தபின், கூரைக்குப் போன இலையும் காட்டுத் தரையிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது நெருப்பு வயலுக்கானது. மேஹாங்சோன் மலைகளில் கரென் மக்களும் லுவா மக்களும் நெடுங்காலமாகச் சுழற்சி முறையில் மலைநெல் விளைவித்து வந்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் சேனைப் பயிர்ச்செய்கை என்று சொல்வதற்கு நெருங்கிய முறை இது. ஜனவரி, பிப்ரவரியில் ஒரு சரிவை வெட்டுவார்கள். வெட்டிய செடிகொடிகள் வெயிலில் காயும். மழைக்குமுன் எரிப்பார்கள். சாம்பல்தான் உரம். ஓராண்டு விதைத்து அறுத்தபின் அந்த நிலத்தை ஏழிலிருந்து பத்தாண்டுகள் வரை தரிசாக விட்டுவிடுவார்கள். வெட்டிய அடிமரங்கள் தழைத்து அங்கே மறுபடி காடு எழும்.

1960களில் மானுடவியலாளர் பீட்டர் குன்ஸ்டாட்டர் இம்மாகாணத்தின் தென்பகுதியான மே சாரியாங் மலைகளில், பா பே என்ற லுவா ஊரில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்தார். அவரும் கூட்டாளிகளும் தொகுத்த ‘காட்டில் உழவர்கள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல் 1978-இல் வெளியானது. அங்கே எரிப்பது தனியொருவர் காரியமாக இருக்கவில்லை. எந்தச் சரிவை வெட்டுவது, எந்த நாளில் கொளுத்துவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் சடங்குகளோடு முடிவு செய்தார்கள். முன்கூட்டியே சுற்றிலும் சருகைக் கூட்டித் தீத்தடுப்புப் பாதை அமைத்தார்கள். எல்லாக் குடும்பத்து வயல்களும் ஒரே துண்டில் இருந்ததால் ஒரே நாளில் எரிந்து முடிந்தன. தரிசுக்காட்டுக்குள் தீ புகாமல் இருக்க ஆண்கள் காவல் நின்றார்கள். அந்தக் காடு எரிந்துபோனால் சில ஆண்டுகள் கழித்து எரிக்கச் சாம்பல் கிடைக்காது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேஹாங்சோன் ஊர் பிறந்த கதையிலும் காடுதான் கதாநாயகன். 1831-இல் சியாங் மாய் அரசர் யானை பிடிக்கவும் எல்லையைப் பார்த்துவரவும் ஒரு குழுவை அனுப்பினார். அவர்கள் அமைத்த யானைப் பயிற்சி முகாமைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது. ஷான் மக்கள் சால்வீன் ஆற்றைக் கடந்து வந்து குடியேறினார்கள். 1874-இல் இது முறையான நகரமாகி, ஷான் தலைவர் ஒருவரே முதல் ஆளுநரானார். அதே ஆண்டு ஜனவரியில், பிரிட்டிஷ் இந்தியாவும், அன்று சியாம் எனப்பட்ட தாய்லாந்தும் கல்கத்தாவில் சியாங் மாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லையோரக் கொள்ளைகளும், பர்மாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் குடிகளின் தேக்கு மரத் தகராறுகளும் அதற்குப் பின்னணி.

தேக்கு வெட்டுவது பொறுமையான வேலை. மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே இரண்டாண்டுகள் காயவிடுவார்கள். பச்சை மரம் தண்ணீரில் மிதக்காது. காய்ந்ததை வீழ்த்தி, யானை கட்டி ஓடைக்கு இழுத்துப் போட்டு, வெள்ளம் வரக் காத்திருப்பார்கள். இந்தப் பக்கத்து மரங்கள் பாய் ஆற்றின் வழியாக சால்வீனில் சேர்ந்து, அதன் முகத்துவாரத்திலுள்ள மௌல்மீன் துறைமுகத்தை அடைந்தன. செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணும் உத்தரமுமாக வந்திறங்கிய ‘பர்மா தேக்கு’ வணிகத்தின் முக்கியத் துறைமுகங்களில் மௌல்மீனும் ஒன்று. ஜோங் காம் குளக்கரையில் நிற்கும் விகாரைகளுக்குப் பின்னாலும் ஷான் மர வணிகர்களின் கொடை உண்டு.

தேக்கு பணமானதும், தீ குற்றமானது. 1856-இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ் தொடங்கிவைத்த காட்டியல் மரபில், மலைமக்களின் நெருப்பு மரத்தின் முதல் எதிரி. இளங்கன்று கருகும், நின்ற மரம் காயப்படும் என்பது வாதம். ஆகவே பர்மாவில் பெரும் பரப்புகள் தீயிலிருந்து காக்கப்பட்டன. சில பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது வேறு சிக்கல் தலைகாட்டியது: தீ படாத ஈரக்காடுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தேக்கு விதை முளைக்கவே இடமில்லாமல் போயிற்று. காட்டதிகாரிகளே இரு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதிகளில் தீத்தடுப்பு மெல்லக் கைவிடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேக்குத் தோட்டம் போட பர்மாவில் கைக்கொண்ட ‘டாங்யா’ முறையே, கரென் உழவர்கள் எரித்த வயலில் நெல்லோடு தேக்கையும் நடவைப்பதுதான்.

சியாமுக்கு வந்து சேர்ந்தது இந்த அனுபவத்தின் முதல் பாதி மட்டும். 1896-இல் பாங்காக்கில் அரச வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் பர்மா வனத்துறையிலிருந்து இரவலாக வந்த ஹெர்பர்ட் ஸ்லேட். காடு அரசின் சொத்து என்ற கொள்கை அவரோடு வேரூன்றியது. 1941-இல் வனச் சட்டம், 1961-இல் தேசியப் பூங்காச் சட்டம், 1964-இல் தேசியக் காப்புக்காட்டுச் சட்டம் என்று வேலி இறுகிக்கொண்டே வந்தது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் வெள்ளமும் நிலச்சரிவும் பல நூறு உயிர்களைக் குடித்தபின், 1989 ஜனவரியில் நாடு முழுவதும் இயற்கைக் காட்டில் வணிக மரவெட்டு தடைசெய்யப்பட்டது.

மேஹாங்சோனில் இதன் விளைவு விசித்திரமானது. மாகாணத்தின் நிலத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் காடு. சட்டப்படி காப்புக்காடாகவோ தேசியப் பூங்காவாகவோ உள்ள நிலத்துக்குள்தான் மலையூர்களும் தரிசுகளும் வயல்களும் கிடக்கின்றன. அரசு புதிதாகக் கோடு கிழித்தபோது, இருந்த இடத்திலிருந்து நகராமலேயே பல ஊர்கள் சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டன. தரிசாக விட்ட சரிவு ‘மீண்டு வளர்ந்த காடு’ என்று பதிவாகும். பத்தாவது ஆண்டு அதை மறுபடி வெட்டுகிறவர் காடழிப்பவர் ஆவார். நிலம் பறிபோகாமலிருக்கத் தரிசுக்காலத்தைக் குறைத்தார்கள். முன்பு நாள் குறித்து, ஊர்கூடிக் காவல் நின்று மூட்டிய தீ, பல இடங்களில் ஒருவர் தனியே வைத்துவிட்டு நகர்ந்துவிடும் தீயானது. கரென் மக்களின் சுழற்சி வேளாண்மைக்கு மதிப்பளிக்கச் சொன்ன அமைச்சரவைத் தீர்மானம் 2010 ஆகஸ்டில்தான் வந்தது. களத்தில் அதன் பலன் இன்றும் அரைகுறை.

மூன்றாவது நெருப்பு, கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகும் சோளத்துக்கானது.

1975-இல் காசெட்சார்ட் பல்கலைக்கழகம் ‘சுவான் 1’ என்ற மக்காச்சோள ரகத்தை வெளியிட்டது. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் இந்த ரகமும், பின்னால் தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு விதைகளும் சமவெளியிலிருந்து மலைக்கு ஏறின. சோளத்துக்கு நீர்ப்பாசனம் வேண்டாம், அழுகாது, மேடு பள்ளம் பார்க்காது. விதையையும் உரத்தையும் கடனாகக் கொடுத்து விளைச்சலை எடுத்துக்கொள்ளும் வியாபாரி வாசலுக்கே வருவார். மேஹாங்சோனை அடுத்த மே சேம் மாவட்டத்தின் மொட்டை மலைப் படங்கள் 2010களில் நாடெங்கும் பேசப்பட்டன. தாய்லாந்தின் கால்நடைத் தீவனத் தொழிலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன் சோளம் வேண்டும். உள்நாட்டு விளைச்சல் சுமார் 50 லட்சம் டன். பற்றாக்குறையில் பெரும்பங்கு தீர்வையில்லாமல் மியான்மரிலிருந்து, முக்கியமாக ஷான் மாநிலத்திலிருந்து, மே சோட் எல்லை வழியாக வந்தது. செங்குத்தான சரிவில் டிராக்டர் ஏறாது. அறுவடைக்குப்பின் நிற்கும் தட்டையை அகற்ற ஒரு தீக்குச்சிதான் மலிவான கூலியாள்.

சுழற்சி வயல் பத்தாண்டுக்கு ஒருமுறை எரியும். சோளக்கொல்லையோ ஆண்டுதோறும் எரியும்.

இத்தனை நெருப்பும் ஊரை இவ்வளவு வாட்டுவதற்கு இன்னொரு காரணம் நிலத்தின் அமைப்பு. மேஹாங்சோன் நாற்புறமும் மலை சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கில் கிடக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று அசைவு குறைவு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் கவிந்துகொள்ளும். குளிர்காலத்தில் பனிமூட்டத்தைப் பிடித்து வைப்பதும் கோடையில் புகையைப் பிடித்து வைப்பதும் இதே மூடிதான். வெப்பமும் சாமானியமல்ல. 2016 ஏப்ரல் 28 அன்று இங்கே பதிவான 44.6 டிகிரி செல்சியஸ், அப்போது தாய்லாந்தின் உச்சமாக இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் காடு முன்னதாகவே காய்ந்து புகை கூடும். 2011, 2022 போல மழை முந்திக்கொண்ட ஆண்டுகளில் குறையும்.

நெடுங்காலம் யாரும் இதை எண்ணால் அளக்கவில்லை. 1992-இல் சுற்றுச்சூழல் சட்டத்தோடு மாசுக்கட்டுப்பாட்டுத் துறை உருவானது. அதன் கருவிகள் முதலில் பாங்காக்கின் வாகனப் புகையைக் குறிவைத்தன; வடக்கே பரவலாக வரப் பல ஆண்டுகள் ஆயின. 2007 மார்ச்சில் புகை வடக்கு மாகாணங்களை வாரக்கணக்கில் மூடி, நுண்துகள் அளவு அப்போதைய வரம்பான கனமீட்டருக்கு 120 மைக்ரோகிராமை வெகுவாகத் தாண்டியபோதுதான், பருவம் நெருக்கடியானது. மருத்துவமனைகளில் மூச்சுத்திணறல்காரர்கள் கூடினார்கள், விமானங்கள் நின்றன, பாங்காக் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன.

அதன்பின் அளவுகோல் நுணுகிக்கொண்டே போனது. நுரையீரலின் ஆழம் வரை போகும் பிஎம் 2.5 துகளுக்கு 2010-இல் நாள் வரம்பு 50 மைக்ரோகிராம் என்று வகுத்தார்கள். அன்றாடக் காற்றுத் தரக் குறியீட்டில் அது சேர்ந்தது 2018-இல். 2023 ஜூனில் வரம்பு 37.5 ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 15 இன்னும் தொலைவில்தான். வடக்கில் நுரையீரல் புற்றுநோய் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பது 1990களின் தொடக்கத்திலேயே புற்றுநோய்ப் பதிவேடுகளில் தெரிந்திருந்தது. அன்று விரல் சுட்டியது பெண்களும் புகைக்கும் ‘கீயோ’ சுருட்டை நோக்கி. புகைப்பருவம் காரணங்களின் பட்டியலில் பின்னால்தான் ஏறியது.

ஆட்சியின் பதில் எளிமையானது: தடை. ஆண்டுதோறும் பிப்ரவரி நடுவிலோ மார்ச்சிலோ தொடங்கி ஏறத்தாழ அறுபது நாள், எதையும் எரிக்கக் கூடாது. கிராமத் தலைவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். செயற்கைக்கோள் காட்டும் எரிபுள்ளிகளின் எண்ணிக்கை அதிகாரிகளின் மதிப்பெண் ஆயிற்று. உழவர்களும் காலண்டரைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம். தடைக்கு முந்தைய வாரம் ஒரு புகை, தடை முடிந்த வாரம் இன்னொரு புகை என்று பருவம் இரண்டு முனையிலும் நீண்டது. தடையின்போது எரிக்காத சருகு அடுத்த ஆண்டுச் சருகோடு சேர்ந்து, தீப்பிடித்தால் அடங்காத அளவுக்குத் தடித்தது. ஊர்த் தன்னார்வலர்கள் இலையூதும் இயந்திரத்தையும் வாரியையும் தூக்கிக்கொண்டு இரவில் மலையேறினார்கள். வடக்கில் அந்த வேலையில் உயிரிழந்தவர்களும் உண்டு.

எரிபுள்ளிக் கணக்கிலேயே ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. நாட்டின் பட்டியலில் மேஹாங்சோன் அடிக்கடி முதல் வரிசையில் வரும். புள்ளிகளில் மிகப் பெரும்பகுதி ‘காட்டு நிலம்’ என்று பதிவாகும். சருகுத் தீயும், ஊர் கூடி எரித்த சுழற்சி வயலும், சோளக்கொல்லையும் அந்த ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடும். மேலே பறக்கும் கருவிக்கு வெப்பம் தெரியும். மூட்டியவர் யார், எதற்காக என்பது தெரியாது. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புகைக்கும் இதே கதி. 2002-இல் கையெழுத்தான ஆசியான் எல்லை தாண்டிய புகைமூட்ட ஒப்பந்தம் முதன்மையாக இந்தோனேசியக் கரிநிலத் தீயை மனதில் வைத்து எழுந்தது. அதில் தண்டனைக்கு வழியில்லை. ஷான் மலைகளின் புகை பாய் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வருவதை அது தடுக்கவில்லை.

ஒரே தடை என்ற பிடியைத் தளர்த்திப் பார்க்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தவை. பருவம் உச்சத்துக்குப் போகுமுன் சருகைச் சிறிது சிறிதாக எரித்துவிடுவது ஒன்று. எரிக்காமல் வாரி எடுத்து எரிபொருள் கட்டியாகவோ இலைத்தட்டாகவோ விற்பது இன்னொன்று. 2021-இல் சியாங் மாய் ‘ஃபயர்டி’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. எங்கே, எவ்வளவு நிலம் எரிக்க வேண்டும் என்று ஊர்கள் பதிய வேண்டும். அன்றைய காற்றோட்டத்தைப் பார்த்து அனுமதி கிடைக்கும் அல்லது தள்ளிப்போகும்.

2023 கோடையின் புகை இந்த எல்லா முயற்சிகளையும் மூழ்கடித்தது. அந்த ஏப்ரலில் சியாங் மாய் மக்கள் பிரதமர் மீதே நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜனவரி 17 அன்று நாடாளுமன்றம் தூய காற்றுக்கான ஏழு சட்ட வரைவுகளைக் கொள்கையளவில் ஏற்றது. இரண்டு நாள் கழித்து நீதிமன்றம், 90 நாளுக்குள் அவசரத் திட்டம் வகுக்கும்படி பிரதமருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் வாரியத்துக்கும் ஆணையிட்டது. எரித்து விளைவித்த சோளத்தை வாங்குகிறவரையும் பொறுப்பாக்க வேண்டும், எல்லைக்கு அப்பால் விளைந்தாலும் விடக்கூடாது என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. மலைமக்களின் அமைப்புகள் நெடுநாளாகக் கேட்டு வருவது வேறு: சுழற்சி வயலின் ஒரு நாள் தீயைச் சட்டம் தனியே பிரித்து வைக்க வேண்டும். மழை இறங்குமுன் அந்தத் தீ எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவ்வாண்டு மலைநெல் இல்லை. தடை ஏப்ரல் இறுதி வரை நீளும் ஆண்டுகளில், அந்த நாள் எது என்பதைக் குறிப்பது ஊர்ப் பெரியவர்கள் அல்லர், மாவட்ட அலுவலகம்.